மெத்தைக்காரன் ஓனோஸை அறிந்த படலம்

ஊகம் என்னும் பெருந்தேவியே, வாழி நீ. தெரியாத சொல்லின் வாசலில் தலைசொறிந்து நிற்போர்க்கெல்லாம் தெரிந்தது போன்ற ஒரு முகத்தை வழங்கிக் காப்பவளே, பாதி கேட்டும் முழுதாய்த் தலையாட்டும் பேராற்றலை மாந்தர்க்கு அருளியவளே, எங்கள் தலைவனின் புகழைப் பாடுதற்கு வந்து அடியேன் நாவில் அமர்க. அவன் யாரெனின், மெத்தை சுமந்த மலைத்தோளன். ஐந்தடி நான்கு அங்குல உடம்பில் ஆறடி மெத்தையை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடி கண்டவன். பஞ்சுமெத்தை, நுரைமெத்தை, நார்மெத்தை, ஸ்பிரிங்மெத்தை எனும் நால்வகைப் படையையும் தனியொருவனாய்த் தாங்கிய தண்டுவடத்தான். கடைவாய்ப் பல்லில் குழியுடையான். முப்பத்தெட்டாம் வயதில், யாதொரு பயனும் கருதாது பழங்கிரேக்கம் பயிலப் புகுந்த நெஞ்சுரத்தான். தெருவார் அவனை மெத்தைக்காரன் என்பர். அவனுடைய அக்காள் தம்பி என்பாள். அக்காளின் கணவரும் அவன் வேலை பார்க்கும் மெத்தைக் கடையின் முதலாளியுமானவர் பெரும்பாலும் "ஏய்" என்பார்.

அவையோரே, இதைச் சொல்ல வந்த எனக்குக் கிரேக்கமும் தெரியாது, மெத்தை தூக்கியும் பழக்கமில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதால் நான் திறக்க வேண்டியதாயிற்று. குற்றம் கண்டால் பொறுத்தருள்க, பொறுக்க முடியாவிட்டால் எழுந்து போய்விடுக.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கடை திறந்த புதிதில், "ரெண்டு வாரம் கூடமாட இருந்து உதவி பண்ணுப்பா" என்று அக்காள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஒரு தோள்பையில் மூன்று சட்டையோடு வந்திறங்கியவன் நம் தலைவன். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. காலம் என்னும் கரிய யானை கட்டுத்தறியை மறந்து நின்றதோ, நாட்காட்டியின் தாள்கள் தம்முள் சூழ்ச்சி செய்தனவோ அறியோம். கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையில் ஒரு கட்டிலும், அக்காள் வீட்டில் மூன்று வேளைச் சோறும், அத்தானிடமிருந்து நாளொன்றுக்கு நாற்பது ஏவல்களும் பெற்று, அவன் சுமந்தான், சுமந்தான், சுமந்துகொண்டே இருந்தான். ஊரில் யார் யாரோ நிம்மதியாகத் தூங்குவதற்காக அவன் முதுகு வளைந்தது. அதை யாரும் அவனிடம் சொன்னதில்லை, அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

இங்ஙனம் இருக்கையில், ஒருநாள் அவனது கடைவாய்ப் பல்லில் வலி என்னும் கொடுங்கோலன் முடிசூடினான். தாடை வீங்கிற்று, காது அதிர்ந்தது, கண் கலங்கிற்று. அவன் ஓடிப்போய் விழுந்தது பல் டாக்டரின் நாற்காலியில். அந்த அம்மையார் எத்தகையவர் எனின், கூர்ங்கருவி ஏந்திய குளிர்விரலார், எதிரே அமர்ந்தோரை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு சொல்லும் பேசவிடாத பெருந்தொழில் புரிபவர். முப்பது ஆண்டு அத்தொழில் செய்ததால், உலகில் எல்லோரும் தாம் சொல்வதை ஒப்புக்கொள்கிறார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது. அதுவே பழங்கிரேக்கம். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, மருத்துவமனை மூடிக் கிடக்கும் வேளையில், அதன் காத்திருப்பு அறையில் தொடக்கநிலை வகுப்பு நடத்துவார். மரத்துப்போன பாதி வாயுடன் மல்லாந்து கிடந்த நம் தலைவனின் பல்லைக் குடைந்தபடியே, "ஞாயித்துக்கிழமை கிரேக்கம் படிக்க வர்றீங்களா?" என்று அவர் வினவ, வேண்டாம் என்று சொல்ல அவன் எடுத்த பெருமுயற்சி "ஆ" என்ற ஒற்றை ஓசையாய் வெளிவந்தது. அம்மையார் அவன் பெயரை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தான் சரக்கறையைத் துடைக்கச் சொல்வார். ஆகவே போனான்.

அந்த வகுப்பின் நெறி கடுமையானது. இலக்கண அட்டவணை இல்லை, மனப்பாடம் இல்லை, விளக்கம் இல்லை. படித்தல் ஒன்றே வழி. கதையைப் படி, மறுபடி படி, பத்து முறை படி, பொருள் தானாக வந்து கதவைத் தட்டும் என்பது டாக்டர் அம்மாவின் கொள்கை. அதற்கு மூன்று சட்டங்கள் உண்டு. அகராதியைத் தொடலாகாது. தாய்மொழியில் ஒரு சொல்லும் ஓரத்தில் எழுதலாகாது. வகுப்பில் கிரேக்கத்தில் கேட்ட கேள்விக்குக் கிரேக்கத்திலேயே விடையிறுக்க வேண்டும், இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று ஒருவருக்கொருவர் மூச்சுவிடலாகாது. நூல் முடிந்த பிறகு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் மட்டும் தாய்மொழியில் பேசி, அவரவர் படித்த கதையைச் சொல்லலாம்.

நூலோ, அம்மையார் தாமே எழுதித் தாமே நகலெடுத்துச் சுருள்கம்பி கோத்தது. மொத்தம் இருபது பாடம், ஒரே தொடர்கதை. பல்லைத் தவிர வேறொன்றும் அவருக்கு வரையத் தெரியாதாகையால் அதில் படங்கள் கிடையா. ஒன்பதாம் பாடத்தில் மட்டும் ஒரு படம் உண்டு, அது ஒரு வரிசைப் பல்.

முதற்போர் எழுத்துகளோடு நிகழ்ந்தது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐந்து வயதிலேயே அடக்கி ஆண்ட நம் குடிமகனுக்கு இருபத்து நான்கு எம்மாத்திரம் என்று இறுமாந்து களம் புகுந்தான். அந்தோ, அவ்விருபத்து நால்வரும் வஞ்சகர். ஆல்ஃபாவும் பீட்டாவும் முகம் மலர்ந்து வரவேற்க, நடுவே நின்ற கொக்கிவடிவினரும், பாம்புவடிவினரும், முள்கரண்டி ஏந்திய ஒருவனும் அவனைச் சுற்றிவளைத்து வெட்ட, மதிய உணவு இடைவேளை தோறும் ஸ்பிரிங்மெத்தைகளின் இடுக்கில் குப்புறக் கிடந்து, உதடு அசைத்து, விரலால் மெத்தை உறையில் கோடிழுத்து, பதினாறு நாட்கள் பொருது, பதினேழாம் நாள் அக்கோட்டையின் கதவைத் திறந்தான். முதல் வாக்கியத்தை அவன் வாய்விட்டுப் படித்தபோது அது அவனுக்கே புரிந்தது. ஒரு குயவன் இருக்கிறான் என்பது அதன் பொருள். மூவாயிரம் ஆண்டுப் பழைய மொழி அவனிடம் ஒரு குயவனைப் பற்றிச் சொன்னது. அன்றைக்கு அவன் அடைந்த மகிழ்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன்.

இரண்டாம் பாடத்தில் குயவனின் மனைவி வந்தாள். மூன்றாம் பாடத்தில் வந்தது அந்தச் சொல். ஓனோஸ்.

ஓனோஸ் யார்? குயவன் பானை செய்கிறான், ஓனோஸ் பானை சுமக்கிறான். குயவன் போ என்கிறான், ஓனோஸ் போகிறான். குயவன் கத்துகிறான், ஓனோஸ் மறுமொழி சொல்வதில்லை. குயவனும் மனைவியும் வீட்டினுள் உறங்க, ஓனோஸ் வெளியே உறங்குகிறான். குயவனின் மனைவியோ ஓனோஸின் தலையைத் தடவி, முதலில் அவனுக்கு உணவு வைத்துவிட்டுப் பிறகுதான் கணவனுக்கு வைக்கிறாள். நம் தலைவன் இதை ஒரு முறை படித்தான், இரு முறை படித்தான், நாலாம் முறை படிக்கையில் மேகத்தைப் பிளந்த மின்னலென ஊகப் பெருந்தேவி அவன் உச்சியில் இறங்கினாள். கணவனுக்கும் முன்பாக யாருக்கு ஒருத்தி சோறு வைப்பாள்? உடன்பிறந்தவனுக்குத்தான். ஆகவே ஓனோஸ் என்பவன் அவளுடைய தம்பி. குயவனுக்கு மைத்துனன். அக்காள் புருஷன் தொழிலில் கூடமாட இருந்து உதவ இரண்டு வாரத்துக்கு வந்தவன்.

அவையில் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். சற்றே அடக்கிக்கொள்க. நம் மொழியாயிருந்தால் "வந்தது" என்ற ஒரு சொல் மூன்றாம் பாடத்திலேயே குட்டை உடைத்திருக்கும். அந்த மொழியின் வினைச்சொல்லோ உயர்திணை, அஃறிணை என்று ஆளைப் பிரித்துக் காட்டுவதில்லை. தவிரவும், ஒரு முறை மைத்துனன் என்று நெஞ்சில் விழுந்துவிட்டால் அதன் பிறகு வருவதெல்லாம் அதற்கே சாட்சி சொல்லும்.

ஓனோஸுக்கு ஏதோ இரண்டு மிகப் பெரியதாக இருப்பதாக ஐந்தாம் பாடம் கூறிற்று. கனவுகள் என்று கொண்டான். ஓனோஸுக்கு ஏதோ நான்கு உண்டென்று ஆறாம் பாடம் கூறிற்று. பிள்ளைகள் என்று கொண்டான், அவர்கள் கதையில் எங்குமே காணப்படாததால் வெளியூரில் தங்கிப் படிப்பதாக முடிவு செய்தான். எதையோ வீசி வீசி ஓனோஸ் ஈ ஓட்டினான் என்றது எட்டாம் பாடம், அது தோளில் கிடந்த துண்டு. ஓனோஸ் விடியலில் குரலெடுத்தால் தெருவே விழித்துக்கொள்ளும் என்றது பதினோராம் பாடம், ஆக அவன் பாடகன், வறுமையால் வாய்ப்பு அமையாதவன். ஒன்பதாம் பாடத்துப் பற்களைப் பார்த்தபோது மட்டும் சற்றுத் திகைத்தான். ஆனால் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்ட பிறகு அந்தத் திகைப்பும் தீர்ந்தது.

ஞாயிறுதோறும் வகுப்பில் அவன் வெற்றிமேல் வெற்றி குவித்தான். காத்திருப்பு அறையின் மீன்தொட்டிக்கு முன்னே நான்கு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பர். டாக்டர் அம்மா ஒரு நாற்காலியில், வண்டி மெக்கானிக் ஒருவர், அரசு மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸம்மா ஒருவர், நம் தலைவன். பானைகளைச் சுமப்பது யார் என்று டாக்டர் அம்மா கிரேக்கத்தில் வினவுவார். "ஓனோஸ்" என்பர் மூவரும் ஒருங்கே. அடி வாங்குவது யார்? "ஓனோஸ்." குயவன் மனைவிக்கு யார்மேல் இரக்கம்? "ஓனோஸ்." அம்மையார் அகமகிழ்ந்து மூவருக்கும் முழு மதிப்பெண் இடுவார். மூவரும் ஒருவர்க்கொருவர் அறிந்தோர்போல் தலையசைத்துக்கொள்வர்.

அகராதி என்னும் மாயை அவனைச் சோதிக்காமல் இல்லை. ஒருமுறை நூலகத்துக்கு மெத்தை கொண்டுபோனான், காவலாளியின் அறைக்கு ஒன்று வேண்டியிருந்தது. வழியில் இருந்த அலமாரியில், நீலத் துணி அட்டை போர்த்து, செங்கல் பருமனில், கிரேக்க அகராதி வீற்றிருந்தது. முதுகில் மெத்தை, முகத்துக்கு நேரே அகராதி. மெத்தையை இறக்கி வைத்தான். கையை நீட்டினான். நீட்டிய கையை நடுவழியில் நிறுத்தி, மனத்துள் வஞ்சினம் மொழிந்தான். யாதெனின், "யான் உன்னைத் தொடேன். தொட்டேனாயின், வளைந்த படிக்கட்டில் ஒருவரும் பின்பக்கம் பிடிக்க வாராது ஒழிக, இரட்டைமெத்தை என்மேல் சரிக, அதனடியில் யான் கிடப்பதை அறியாது அத்தான் அதன்மேல் அமர்ந்து கைப்பேசி பார்க்க." அவ்வளவில் மெத்தையை மீண்டும் முதுகேற்றி அகன்றான். ஒரு நொடி புரட்டியிருந்தால் இந்தக் காவியம் இங்கேயே முடிந்திருக்கும், நீங்களும் வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

மாதங்கள் செல்லச் செல்ல, ஓனோஸ் அவனுடைய உற்ற தோழனானான். வேறெவருக்கும் தெரியாத தன் பாட்டை மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவன் பட்டிருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தனியாகப் பாரம் தூக்கியவர்கள் அறிவர். அத்தான் கத்தும்போதெல்லாம் அவன் மனத்தில் குயவன் கத்தினான். அக்காள் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைக்கும்போது குயவனின் மனைவி வைத்தாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில், சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெத்தையும் தானுமாய்ச் சிக்கி நிற்கையில், "ஓனோஸ், நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுக்கொள்வான். ஓனோஸ் வழக்கம்போல் மறுமொழி சொல்லவில்லை. இருபதாம் பாடத்தில் சொன்னான்.

அது ஒரு சனிக்கிழமை முற்பகல். கடையில் ஆளில்லை. இருபதாம் பாடத்தை விரித்து, நார்மெத்தை அடுக்கில் சாய்ந்து, படை பொருத வந்த வேந்தன் களத்தை நோக்குவதுபோல் நோக்கினான். குயவன் ஓனோஸின்மேல் பானைகளை வைக்கிறான். மேலும் வைக்கிறான். மேலும் வைக்கிறான். ஓனோஸ் மலையேறுகிறான். உச்சியில் நிற்கிறான். குயவன் போ என்கிறான். ஓனோஸ் போகவில்லை. குயவன் கத்துகிறான், ஓனோஸ் போகவில்லை. பின்பு ஓனோஸ் உடம்பை ஒரு முறை உதறுகிறான். பானைகள் எல்லாம் கீழே விழுகின்றன. ஓனோஸ் கடலை நோக்கி நடந்து போகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை.

முழுதும் புரிந்தது. ஒரு சொல்லிலும் இடறவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒன்றை முழுதாக முடித்த மனிதனின் கண்ணில் நீர் ததும்பிற்று. புயல் எழுந்தாற்போல் எழுந்தான். எழுந்த வேகத்தில் மேலடுக்கு மெத்தை இரண்டு சரிந்தன, அவற்றை எடுத்து அடுக்கவில்லை. மேசைக்குப் பின்னால் கைப்பேசியில் ஆழ்ந்திருந்த அத்தான் முன் சென்று, கோட்டை வாயிலில் அறைகூவும் தூதனென நிமிர்ந்து நின்றான். மூன்று உலகும் நடுங்கத்தக்க அப்பெருமுழக்கம் பின்வருமாறு.

"அத்தான், நான் வேலைய விட்டுடறேன்."

அத்தான் தலையை உயர்த்தாமல், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே படித்துத் தெரிந்துகொண்டதாக இவன் சொன்னான். எதில் என்றார். கிரேக்கத்தில் என்றான். அத்தான் இப்போது தலையை உயர்த்தி, அவனையும் சரிந்து கிடந்த மெத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி. திங்கக்கிழமை நாலாவது மாடி டெலிவரி ஒண்ணு இருக்கு, மறந்துடாத" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டில் ஒரே ஒரு முறை ஒருவன் வாய் திறந்தால் அது சும்மா திறந்ததாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் ஞாயிறு, தாய்மொழி அனுமதிக்கப்பட்ட அந்த ஒரே நாள். குளித்து, தேய்த்த சட்டை அணிந்து, வகுப்புக்குச் சென்றான். டாக்டர் அம்மா முகமலர்ச்சியோடு சட்டத்தைத் தளர்த்தி, அவரவர் படித்த கதையைச் சொல்லுமாறு பணித்தார். மெக்கானிக் முதலில் எழுந்தார். இது ஒரு பழைய சரக்கு வண்டியின் கதை என்று தொடங்கினார். தம் கதையின் குயவன் மீன்தொட்டியில் விழுந்தாற்போல் அம்மையார் திடுக்கிட்டார். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. நான்கு சக்கரம், இரண்டு பெரிய முன்விளக்கு, விடிகாலையில் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும் சத்தம், உதைத்தால்தான் நகரும், பராமரிப்பு சரியில்லை, கடைசியில் மலையுச்சியில் பிரேக் விட்டுச் சரக்கைக் கொட்டிவிட்டுத் தானாகவே கடல் பக்கம் உருண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் ஏது சரக்கு வண்டி என்று தனக்கும் ஓர் ஐயம் இருந்ததாகவும், டாக்டர் அம்மா புதுமையாக எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டதாகவும் கூறி அமர்ந்தார்.

அடுத்து நர்ஸம்மா. ஓனோஸ் குயவனின் மூத்த மகன், படிப்பு ஏறாதவன், அப்பனின் தொழிலும் பிடிக்காதவன். அம்மா மட்டும் அவனுக்குப் பரிந்து சோறு போடுகிறாள். கடைசியில் வீட்டை விட்டுப் போகிறான். தம் மகனும் அப்படித்தான் போனான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நம் தலைவனுக்கு இவ்விருவர்மேலும் பேரிரக்கம் உண்டாயிற்று. எவ்வளவு எளிய கதை, இப்படித் தப்பாகப் படித்திருக்கிறார்களே என்று உளம் நொந்தவனாய் எழுந்தான். அருவி மலையினின்று இழிவதுபோல் அவன் வாயினின்று சொற்கள் இழிந்தன. குயவனின் மைத்துனனைப் பாடினான், அவன் பெருங்கனவு இரண்டையும் பாடினான், வெளியூரில் படிக்கும் நான்கு பிள்ளைகளைப் பாடினான், தோளில் துண்டும் தொண்டையில் பாட்டுமாய் முற்றத்தில் படுத்தவனின் தனிமையைப் பாடினான். மலையுச்சிக்கு வந்ததும் தன் தோளையே ஒரு முறை உலுக்கிக் காட்டினான். "அவன் உதறினான் டாக்டர். அதப் படிச்சிட்டு நேத்து நானும் உதறிட்டேன். வேலைய விட்டுட்டேன்" என்று முடித்தான்.

அவ்வறையின் வரலாற்றில் முதன்முறையாக, வாயைத் திறந்தபடி பேச்சற்று அமர்ந்திருந்தவர் டாக்டரே ஆவார்.

 பிறகு அவர் மெல்லச் சொன்னார்.

"ஓனோஸ்னா கழுதைங்க."

ஐயகோ, இடி விழுந்த பனையென நின்றான். கனவுகள் இரண்டும் காதுகளாயின. வெளியூரில் படித்த பிள்ளைகள் நால்வரும் ஒரு நொடியில் திரும்பி வந்து கால்களாகி நின்றனர். துண்டு வாலாயிற்று. பாட்டு என்னவாயிற்று என்பதைச் சொல்ல எனக்கு மனமில்லை. மெக்கானிக் முதலில் சிரித்தார், தாமும் அதே கழுதையைச் சக்கரம் மாட்டி ஓட்டியவர் என்பது நினைவுக்கு வரவே நிறுத்திக்கொண்டார். நர்ஸம்மா சிரிக்கவில்லை, தம் மகனின் நினைவாக இருந்தார். ஐந்து மாதம் மூவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டு மூன்று வேறு கதைகளைப் படித்திருக்கிறார்கள். நம் தலைவனின் காதுமடல் சிவந்தது. ஒரு கழுதையோடு தோழமை கொண்டதுகூடப் பெரிதில்லை. ஒரு கழுதையின் யோசனையைக் கேட்டு வேலையை விட்டவன் உலகில் தான் ஒருவனே என்பது அவனைத் தின்றது. நல்லவேளை, அத்தான் நம்பவில்லை. நாளைக் காலை ஒன்றும் நடவாததுபோல் போய் நாலாம் மாடிக்கு மெத்தை ஏற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது?

டாக்டர் அம்மா அவனருகே வந்து நின்றார். அவன் தாளில் தாம் இட்ட மதிப்பெண்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு வார்த்தைதான் தப்பு. மத்ததெல்லாம் சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை, பல் பிடுங்கும்போதுகூட வலிக்காது என்று சொன்னதில்லை.

அந்தச் சொல்லைச் சுமந்தபடி தெருவில் இறங்கினான். மத்ததெல்லாம் சரி. சுமந்தது சரி, வெளியே படுத்தது சரி, மறுமொழி சொல்லாதது சரி, உதறியதும் சரி. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிய, வண்டிகள் யாவும் தோற்ற படையென நின்று அவனுக்கு வழிவிட்டும், கடக்காமல் நின்றான். அப்போது கைப்பேசி ஒலித்தது. அக்காள்.

"நீ வேலைய விடறேன்னு சும்மா சொன்னேன்னு உங்கத்தான் சொல்றாரு. சும்மாவா சொன்ன?"

விண்ணோர் மூச்சடக்கினர். திசை காக்கும் யானைகள் எட்டும் காதசைப்பதை நிறுத்தின. ஒரு பக்கம் சரக்கறைக் கட்டிலும், மூன்று வேளைச் சோறும், கழுதை சொல்லிக் கெட்டவன் என்ற பெயர் வராமல் காக்கும் ஒரே ஒரு பொய்யும் அணிவகுத்து நிற்க, மறுபக்கம் மலையுச்சியில், உடைந்த பானைகளுக்கு நடுவே, நீண்ட காதுகளோடு, கடலைப் பார்த்தபடி அது நின்றது. இப்போது அதை அவனால் சரியாகப் பார்க்க முடிந்தது. கனவு எதுவும் இல்லாத, படிப்பு வாசனை இல்லாத, கிரேக்கம் ஓர் எழுத்தும் அறியாத பிராணி. இருபது பாடத்துக்குள் அதற்கே தோன்றிவிட்டது. தனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சற்று முன் வந்த வெட்கம் அல்ல இது.

"இல்லக்கா. நிஜமாத்தான் சொன்னேன்" என்றான்.

அக்காள் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. அழுகிறாளோ என்று அஞ்சினான். "ரெண்டு வாரம்னு சொல்லித்தான் உன்னக் கூப்பிட்டேன்" என்றாள் அவள். "நான்தான் உன்னப் போகச் சொல்லியிருக்கணும்." முதுகுக்குத் தடவும் தைலத்தை மறக்காமல் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவன் அங்கேயே, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, சிறிது அழுதான்.

அவ்வாறாக, அவையோரே, மாடிகள் தோறும் மெத்தையேற்றிய மலைத்தோளன், அகராதியை வென்ற ஆண்மையாளன், இருபத்து நான்கு எழுத்தையும் இருபது பாடத்தையும் துணையொருவரின்றிக் கடந்த தனிப்பெருந்தலைவன், பன்னிரண்டாண்டுச் சிறையின் பூட்டைப் பழங்கிரேக்கத் திறவுகோலால் திறந்து, மூன்று சட்டை வைத்த அதே தோள்பையைத் தோளில் இட்டு, தைலப்புட்டி கையில் மின்ன, திரும்பிப் பாராது நடந்து, எல்லையற்ற உலகம் இருகை விரித்து நிற்கும் திசை நோக்கிச் சென்றான்.

புதன்கிழமை, நாலு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், அங்கே லிஃப்ட் இருக்கிறது.